அறுபதின்மேல் ஒரு சிவப்புப் பொட்டு

காலை பத்து மணி பத்து நிமிடம். கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவர், சீருடையில் இருந்த ஒரு போலீஸ்காரர். கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு கைகளிலும் ஒரு கேமரா. அதை முகத்தருகே கொண்டுபோகாமல் நெஞ்சுயரத்தில் பிடித்திருந்தார், கோயிலில் தீர்த்தம் வாங்குபவரைப்போல.

கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறச் சேலையில் ஒரு பெண்மணி நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறமாகக் கட்டியிருந்தார்.

"நூற்றி இருபத்தஞ்சுக்கு வையுங்கோ," என்றார்.

போலீஸ்காரரின் விரல் கேமராவின் தலையில் ஊர்ந்து, ஒரு சக்கரத்தைத் தேடிப் பிடித்து, ஒரு கிளிக் திருப்பியது.

"இனி ஐந்நூறு."

இரண்டு கிளிக். கண்ணைத் திறந்து பார்த்தார். சக்கரம் ஆயிரத்தில் நின்றது. போலீஸ்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"உங்கட பிழை இல்லைத் தம்பி. அதின்ர சக்கரம் வழுக்குது. அடுத்ததை எடுப்பம்."

எழுபதுகளின் பிற்பகுதி அது. நான் ஒரு தமிழ் நாளிதழில் செய்தியாளனாக இருந்தேன். எங்கள் அலுவலகத்தில் மூன்று செய்தியாளர்களுக்கும் சேர்த்து ஒரு கேமரா வாங்க முடிவாகி, வாங்கிவர என்னை அனுப்பியிருந்தார்கள். ஹை ஸ்திரீட் பக்கம் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது கடை. முதலாளி சீனர், எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெண்மணியை எல்லாரும் "மிஸ்" என்றார்கள்.

என் கையில் ஒரு விளம்பரத் தாள் இருந்தது. எந்த கேமரா வேண்டும் என்று அதில் வட்டம் போட்டிருந்தேன். லென்ஸ் எவ்வளவு கூர்மை, வேகம் எத்தனை என்றெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அவர் தாளை வாங்கிப் பார்க்கவில்லை.

"ஆருக்கு?"

"ஆபீசுக்கு, மிஸ். நாங்க மூணு பேர் மாத்தி மாத்தி எடுப்போம்."

"அப்ப மூண்டு பேரும் வரவேணும்."

"நான் வாங்கிட்டுப் போனா அவங்க பழகிக்குவாங்க."

"காலுக்குச் சப்பாத்து வாங்கிறதெண்டாலும் இப்பிடித்தான் சொல்லுவீங்களோ?"

மறுநாள் மூன்று பேரும் போய் வரிசையாக நின்று கண்ணை மூடினோம். எங்களில் ஒருவர் கண்ணாடி போட்டவர். இன்னொருவருக்குக் குட்டை விரல். நான் இடது கண்ணால் பார்க்கிறவன் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இடது கண்ணால் பார்க்கிறவனுக்கு, ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோல் ஒவ்வொரு முறையும் வலது புருவத்தில் இடிக்கும். நான் வட்டம் போட்டிருந்த கேமரா இரண்டு முறை என் புருவத்தில் இடித்தது. மூன்றாவது முறை அவர் அதை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். ஐந்தாவதாக வந்தது மூன்று பேர் கைக்கும் சரியாக இருந்தது. அதன் பெயரை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. பதினோரு வருடம் உழைத்தது.

அவர் செய்வது எப்போதும் ஒன்றுதான். வேகச் சக்கரத்தை அறுபதில் வைத்து கேமராவைக் கையில் தருவார். அறுபது என்றால் நொடியில் அறுபதில் ஒரு பங்கு. கண்ணை மூடச் சொல்வார். எண்களைச் சொல்லி மாற்றச் சொல்வார். பிறகு லென்ஸைக் கழற்றி மாட்டச் சொல்வார். அதன்பிறகுதான் வாங்க வந்தவர் கண்ணருகே வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே செய்வார்கள். சிலருக்குக் கோபம் வரும்.

"கண்ணை மூடிக்கிட்டு யாரு மிஸ் படம் எடுக்கிறா?" என்று ஒரு கப்பல் இன்ஜினியர் கேட்டார்.

"படம் எடுக்கேக்க உங்கட கண் எங்க இருக்கும்?"

"பிள்ள மேல. பொண்டாட்டி மேல."

"அப்ப சக்கரத்தை ஆர் பாக்கிறது?"

இன்ஜினியர் கண்ணை மூடினார்.

தவுக்கேக்கு இது பிடிக்கவில்லை. ஒருவருக்கு அரைமணி நேரம் போனால் வியாபாரம் என்ன ஆவது என்பார். "நீ கேமரா விக்கிறியா, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறியா?" என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து கேட்பார். ஆனால் மிஸ் விற்ற கேமராவை யாரும் மாற்றித் தரச்சொல்லி வருவதில்லை என்பதையும் தவுக்கேதான் என்னிடம் சொன்னார், அவர் காதில் விழாத தூரத்தில்.

கடைக்கு வெளியேயும் அவர் அப்படித்தான். ஒருமுறை தேக்கா மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். பாத்திரக் கடையில் தேங்காய் துருவியை வைத்துக்கொண்டு நின்றார். மூன்றை எடுத்து, ஒவ்வொன்றின் கைப்பிடியையும் கண்ணை மூடிச் சுற்றிப் பார்த்தார். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன மிஸ், கட்டிக்கவா போறீங்க?" என்றார்.

"தினமும் கையில பிடிக்கிறதெண்டால் கட்டினதுக்குச் சமன்தானே," என்று சொல்லி மூன்றையும் திருப்பி வைத்தார். அவர் திருமணம் செய்துகொள்ளாதவர் என்று கடைக்காரருக்குத் தெரியும். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டது ஒரு மழை நாளில், கடையில் ஆளில்லாத நேரத்தில். அவர் பதினெட்டு வருடம் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். பலகையில் நூற்றுக்கணக்கான துளைகள். எந்தத் துளையில் எந்தக் கம்பியைச் செருகுவது என்று கைக்குத் தெரியும், கண் அழைப்பைக் குறிக்கும் சீட்டில் இருக்கும் என்றார். பிறகு எல்லாம் தானாக இயங்கத் தொடங்கின. வேறு பிரிவில் தட்டச்சு வேலை தருவதாகச் சொன்னார்கள்; அங்கே போகாமல் இங்கே வந்துவிட்டார்.

"நீங்க படம் எடுப்பீங்களா, மிஸ்?"

"இல்லை."

"ஒண்ணுகூட?"

"எனக்கு என்னத்தை எடுக்கிறது?"

கேமராவுக்கு முன்னால் நிற்பதும் அவருக்குப் பிடிக்காது. புது கேமராவைச் சோதிக்க யாராவது அவர் பக்கம் திருப்பினால் குனிந்து இழுப்பறையைத் திறந்துகொள்வார். பத்து வருடம் ஒரு கேமராக் கடையில் நின்றவருக்குக் கடையில் எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது.

பாண்டியன் அந்தக் கடைக்கு வந்தபோதெல்லாம் நானும் இருந்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு முக்கியமான நாள்களில் இருந்தேன்.

பாண்டியன் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்த கல்யாணப் படப்பிடிப்பாளர். முப்பத்தைந்து வயது, பெரிய உடம்பு, தடித்த கட்டைவிரல். அதுவரை மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டைக் கண் கேமராவில்தான் கல்யாணங்கள் எடுத்தார். தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, கடையில் நிற்க இடமில்லாத கூட்டத்தில் வந்து, இருந்ததிலேயே பெரிய எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றைக் கைநீட்டிக் கேட்டு வாங்கிப் போனார். கல்யாண வீட்டில் கேமராவைப் பார்த்துத்தான் ஆளை மதிப்பார்கள் என்பது அவர் கணக்கு.

நான் இருந்த முதல் நாள், அதற்கு மூன்று மாதம் கழித்து. பாண்டியன் ஒரு வண்ணப் படத்தைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். தாலி கட்டும் படம். வலது பாதியில் மணப்பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றிச்சுட்டி, மாலை, எல்லாம் தெளிவாக இருந்தன. இடது பாதி கறுப்பு. மாப்பிள்ளை இல்லை. இருட்டிலிருந்து இரண்டு கைகள் மட்டும் நீண்டு வந்து அவள் கழுத்தில் தாலி கட்டிக்கொண்டிருந்தன.

"எல்லாப் படமுமா?" என்று கேட்டார் மிஸ்.

"தாலிக்கு அப்புறம் எடுத்ததெல்லாம் இப்படித்தான். கழுவி வந்த அப்புறம்தான் தெரியுது."

அந்த வகை கேமராவில் பிளாஷ் போட்டால் வேகம் அறுபதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளே இருக்கும் திரை முழுவதும் திறப்பதற்குள் பிளாஷ் மின்னி முடிந்துவிடும். படத்தில் ஒரு பகுதி இருண்டுபோகும். பழைய இரட்டைக் கண் கேமராவில் அந்தத் தொல்லை இல்லை, எந்த வேகத்திலும் பிளாஷ் போடலாம். எடுக்கும்போது கண்டுபிடிக்கவும் வழியில்லை; படம் விழும் அந்த நொடியில் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழுந்து எடுப்பவரின் பார்வையை மறைத்துவிடும்.

"அறுபதுலதான் வச்சேன் மிஸ். சத்தியமா. நான் என்ன பச்சப்பிள்ளையா?"

"கேமராவைத் தாங்கோ."

அறுபதில் வைத்து அவரிடமே திருப்பித் தந்தார். "கண்ணை மூடுங்கோ. தாலி கட்டுறாங்கள். கெட்டிமேளம். எடுங்கோ."

பாண்டியன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். கட்டைவிரலால் நெம்புகோலைத் தள்ளி, அழுத்தி, மறுபடி தள்ளி. வேகமாக, அழகாகத்தான் செய்தார். எட்டாவது முறை நெம்புகோல் திரும்பி வரும்போது அவர் கட்டைவிரலின் பக்கம் சக்கரத்தில் உரசியது. கிளிக். மிகச் சின்னச் சத்தம்.

"இப்ப பாருங்கோ."

நூற்று இருபத்தைந்து.

பாண்டியன் கேமராவை மேசைமேல் வைத்தார். பிறகு படத்திலிருந்த மணப்பெண்ணின் தகப்பனார் சொன்னதைச் சொன்னார். அவர் துறைமுகத்தில் வேலை செய்பவர், ஸ்டூடியோவுக்கு எதிர்வீடு. "'மூத்தவளுக்குப் பாதி எடுத்துட்டே. அடுத்த மாசம் சின்னவளுக்கு. நீதான் எடுக்கணும், முழுசா எடுக்கணும். எடுத்தா ரெண்டு பேருக்கும் எடுத்ததா நெனச்சுக்கிறேன். இல்லாட்டி இந்தத் தெருவுல போர்டு மாட்டிக்கிட்டு உக்காராதே'ன்னுட்டாரு, மிஸ். திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. அதுக்கப்புறம் காப்பி குடுத்தாரு."

மிஸ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு நான் உங்களைக் கண்ணை மூடச் சொல்லேல்லை," என்றார்.

"கூட்டமா இருந்துச்சு லா. நானும் அவசரப்படுத்தினேன்."

"அது கதையில்லை. நான் சொல்லேல்லை."

அவர் தவுக்கேயிடம் போய் ஏதோ பேசினார். வாங்கிய கேமராவை மூன்று மாதம் கழித்து மாற்றித் தருவது அந்தக் கடையில் நடக்காத காரியம். தவுக்கே தலையை ஆட்டினார், பிறகு கையை ஆட்டினார், பிறகு பத்திரிகையை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். அதற்குச் சரி என்று பொருள்.

மூன்று சனிக்கிழமை, கடை திறந்ததும் முதல் ஒரு மணி நேரம் பாண்டியனுக்கு. நான் இருந்த இரண்டாவது நாள், அதில் கடைசிச் சனிக்கிழமை. அதற்குள் ஒன்பது கேமராக்கள் கழிந்திருந்தன. பத்தாவது, மற்றவற்றில் முக்கால் அளவே இருந்தது. அதில் வேகத்தை மாற்றுவதற்குத் தலையில் சக்கரம் கிடையாது. லென்ஸின் அடியைச் சுற்றி ஒரு வளையமாக இருந்தது. இடது கையின் பொறுப்பு. வலது கட்டைவிரல் என்ன ஆட்டம் போட்டாலும் அங்கே எட்டாது.

"இதை எடுத்துக்கிட்டு எப்படி மிஸ் மண்டபத்துல நிக்கிறது? சோப்பு டப்பா மாதிரி இருக்கு. என்னை யாரு மதிப்பா?"

"பாதிப் படத்துக்கு எவ்வளவு மதிச்சவை?"

அவர் அப்படிக் கடுமையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பேசிவிட்டு அவரே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அடுத்து, ஒருநாளும் செய்யாத ஒரு காரியம் செய்தார். கடைக்குள்ளேயே ஒரு கல்யாணம் நடத்தினார். தவுக்கேயை ஒரு முக்காலியில் உட்காரவைத்தார். பக்கத்தில் இன்னொரு முக்காலி போட்டு என்னைப் பார்த்தார்.

"நானா?"

"வேற ஆர் இருக்கினம்?"

நான் மணப்பெண்ணாக உட்கார்ந்தேன். கேமராவின் தோல் வார் தாலி ஆனது. தவுக்கே அதை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, "எனக்கு வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் லா," என்றார்.

"அவவுக்குச் சொல்லமாட்டன். மூண்டு முடிச்சு. கெதியாப் போடுங்கோ."

தவுக்கே என் கழுத்தில் முடிச்சுப் போட்டார். பாண்டியன் ஒருபக்கம் சாய்ந்து, முழங்காலில் நின்று, எழுந்து, பின்னால் நகர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தார். மிஸ் அவர் முழங்கையை இடித்தார். தோளைத் தள்ளினார். மண்டபத்தில் சொந்தக்காரர்கள் இடிப்பதைப்போல. பிளாஷ் பத்து முறை மின்னியது. நிறுத்தியதும் மிஸ் வளையத்தைப் பார்த்தார். அறுபது.

அதோடு அவர் விடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். நகப்பூச்சு, சிவப்பு. அவர் நகத்தில் பூசி நான் பார்த்ததில்லை. பாண்டியனும் பார்த்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வளையத்தில் அறுபது என்ற எண்ணின்மேல் ஒரு சொட்டு வைத்தார். காயவிட்டு, அதன்மேல் இன்னொரு சொட்டு. மொத்தம் ஐந்து சொட்டு. காய்ந்தபின் கடுகளவு மேடாக நின்றது.

"நடு உச்சியில இந்தப் பொட்டு இருந்தால் அறுபது. கண்ணை எடுக்கவேண்டாம். விரலால ஒருக்காத் தடவுங்கோ."

பாண்டியன் கண்ணை மூடித் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார்.

"கல்யாணம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் மிஸ்.

"நாளன்னைக்கு... இல்ல மிஸ், நாளைக்குத்தான். ஞாயித்துக்கிழம. ஒன்பதரைக்கு முகூர்த்தம்."

"நானும் வாறன்."

மறுபடி பத்திரிகையைப் பிரித்திருந்த தவுக்கே, அதன் பின்னாலிருந்து, ஞாயிற்றுக்கிழமை கடை உண்டு என்றார். இத்தனை வருடத்தில் மிஸ் ஒரு ஞாயிறுகூட லீவு எடுத்ததில்லை. மிஸ் நகப்பூச்சுப் புட்டியை மூடிக் கைப்பையில் வைத்தார். பத்திரிகையின் பக்கம் ஒன்று புரண்டது. "குடை எடுத்துப் போ. நாளைக்கு நிச்சயம் மழை," என்றார் தவுக்கே.

மழை பெய்யவில்லை. பெண்ணின் தகப்பனாருக்கு என்னையும் தெரியும் என்பதால் எனக்கும் அழைப்பு இருந்தது. மண்டபத்தில் எதிர்பார்த்ததுதான் நடந்தது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் பாண்டியனின் கையைப் பார்த்து, "என்னப்பா, கேமரா துவைச்சதுல சுருங்கிப் போச்சா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பொண்ணு மாப்பிள்ளையப் பாருங்கண்ணே. மொய்யைச் சுருக்கிடாதீங்க," என்றார் பாண்டியன். ஆனால் அவர் நெற்றியில் வியர்வை இருந்தது.

பெண்ணின் தகப்பனார் மேடைக்குக் கீழே கைகட்டி நின்றார். அவர் மணமக்களைப் பார்த்ததைவிடப் பாண்டியனைத்தான் அதிகம் பார்த்தார். மூத்த மகள் மசக்கைச் சோர்வோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மிஸ் மேடையின் இடது ஓரத்தில், பெண்களோடு பெண்களாக நின்றார். யாரும் அவரை யாரென்று கேட்கவில்லை. கல்யாண வீட்டில் சாம்பல் நிறச் சேலை அது ஒன்றுதான்.

தாலி கட்டும் நேரம் என்பது மூன்று முடிச்சு. அதற்குள் ஒரு பிளாஷ் நிச்சயம்; பேட்டரி புதிதாக இருந்தால் இரண்டு. கெட்டிமேளம் எழுந்ததும் எல்லாரும் எழுந்து முன்னால் சாய்ந்தார்கள். அட்சதை பறந்தது. யாரோ ஒருவர் பாண்டியனின் தோளில் மோதினார். அவர் கண்ணை கேமராவிலிருந்து எடுக்கவில்லை. இடது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் லென்ஸின் மேலே ஒருமுறை போய்த் தடவிவிட்டுத் திரும்பியது. பிளாஷ் மின்னியது. மறுபடியும் ஒருமுறை.

ஃபிலிம் கழுவி வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் மிஸ் யாரோடும் அதிகம் பேசவில்லை என்று தவுக்கே பிறகு சொன்னார். மூன்றாம் நாள் பாண்டியன் ஸ்டூடியோவுக்குப் போகாமல் படத்தை நேராக எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனார். பெண்ணின் தகப்பனார் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஓரத்திலிருந்து ஓரம்வரை விரலால் ஓட்டிப் பார்த்தார். "காப்பி சாப்பிடு," என்றார். பாண்டியனின் போர்டு அந்தத் தெருவில் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் சக்கரங்கள் போய்ப் பொத்தான்கள் வந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. மிஸ் அவற்றைக் கண்ணை மூடித் தடவி, "விரலுக்கு ஒண்டும் விளங்கேல்லை," என்றார். அலமாரியில் திருப்பி வைத்துவிடுவார் என்று நினைத்தேன். இழுப்பறையைத் திறந்து நகப்பூச்சுப் புட்டியை எடுத்தார். தவுக்கே புதுச் சரக்கு பாழாகிறது என்று கத்தினார். ஒரு மாதம் கழித்து, பொட்டு வைத்த கேமராதான் வேண்டும் என்று ஆட்கள் கேட்டு வரத் தொடங்கினார்கள். சிவப்புப் புட்டி தீர்ந்து, மற்ற நிறங்களும் வாங்க வேண்டியிருந்தது.

பாண்டியன் அந்தத் தாலிப் படத்தில் ஒரு பிரதி எனக்குத் தந்திருந்தார். அது இப்போது என் மேசைமேல் இருக்கிறது. ஓரத்திலிருந்து ஓரம்வரை எங்கும் இருட்டில்லை. மணப்பெண், மாப்பிள்ளை, தாலி, காற்றில் நிற்கும் அட்சதை, பின்னால் எட்டிப் பார்க்கும் பதினேழு முகங்கள். மிஸ் இருக்கும் படம் என்னிடம் இது ஒன்றுதான். அவர் இடது ஓரத்தில் நிற்கிறார். எல்லாருடைய கண்களும் திறந்திருக்கின்றன. அவருடையவை மட்டும் மூடியிருக்கின்றன.